என் நம்பர் சிவப்பாகிப் போனது

ஒரு ரிங் அடித்து நின்றால் மாவு கீழே வந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு ரிங் என்றால் மாவோடு இட்லிப் பொடியும் இருக்கிறது. மூன்றாவது ரிங்கும் அடித்தால் மட்டும் போனை எடுக்க வேண்டும். இன்றைக்கு ஏதோ கோளாறு, வாய் திறந்து பேச வேண்டியிருக்கிறது. பம்பாய் தாராவியில் எங்கள் வீட்டு அடுக்களையில் கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் என் வாடிக்கைக்காரர்களோடு நான் பல வருஷமாகப் பேசிய பாஷை இதுதான். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பழகப் பழக வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் காலையில் ஸ்கூட்டரில் இட்லி மாவுப் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டு கிளம்புவார். ஒரு பில்டிங் கேட்டில் போய் நின்றதும் எனக்கு ஒரு ரிங் கொடுப்பார். எந்த நேரத்துக்கு எந்தக் கேட்டில் நிற்பார் என்பது எனக்குத் தெரியும். உடனே அந்தப் பில்டிங்கில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் நான் வரிசையாக ரிங் கொடுப்பேன். பால்கனிகளிலிருந்து கயிறு கட்டிய பைகள் இறங்கும். அவர் மாவை வைத்து ஒரு சுண்டு சுண்டுவார், பை மேலே போகும். அரைத் தூக்கத்தில் இருப்பவர்கள்கூட அந்த ரிங்குக்குப் பை இறக்குவார்கள் என்று அவர் வந்து சொல்லிச் சிரிப்பார்.

பேச்சு என்றால் சாயந்திரம்தான். நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்கக் கூப்பிடுவேன். அந்த நேரத்துக்காகவே நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வதுண்டு. எனக்குப் பள்ளிக்கூடம் அதிகம் வாய்க்கவில்லை. தமிழைப் பொட்டலக் காகிதத்திலும் இந்தியை ரயில் போர்டிலும் கூட்டிக் கூட்டிப் படித்தேன். ஆனால் மனிதர்கள் வாயிலிருந்து விழுகிற சொல்லை மட்டும் யாரும் எனக்குப் படித்துக்காட்ட வேண்டியதில்லை. மாட்டுங்காவில் பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். என் போனை எடுத்ததும் ஹலோ சொல்லமாட்டார், வகுப்பில் பேர் கூப்பிட்ட மாதிரி "ஆஜர்!" என்பார். "நாங்க ரெண்டு பேர், ஒரு பாக்கெட். சண்டை போட்டா அரைப் பாக்கெட்" என்பார். எனக்கு அன்றைய சோர்வு அதோடு போய்விடும்.

செம்பூரில் ஒரு அம்மா. ஆபீசில் பெரிய வேலை. மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி அங்கே போனவர். முதல் தடவை பொடி கேட்டபோது என்னை வீட்டுக்கே வரச்சொல்லி உட்காரவைத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். அவருக்கு ஒரே பெண் குழந்தை, ஒன்றாம் வகுப்பு. அந்தக் குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு பிறந்தநாள் வீட்டில் யாரோ ஆசையாகச் சிக்கி, நம் ஊர்க் கடலைமிட்டாய், கொடுத்து, தொண்டை வீங்கி, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரி வரை போய் மீண்டு வந்திருக்கிறாள்.

"அக்கா, உங்க பொடில கடலை கிடையாதுன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னார். நான் அவரை நம்பலைன்னு இல்லை. உங்க வாயால ஒரு தடவை கேட்டுக்கணும்" என்றார்.

"பொடியில மட்டுமில்லம்மா, இனிமே எங்க வீட்டு நடைக்குள்ளயே கடலை வராது. சொல்லுதேன், கேட்டுக்கோங்க" என்றேன். அன்றைக்கு வீட்டில் இருந்த கடலையைப் பக்கத்து வீட்டு மைனியிடம் கொடுத்தேன். அவள் காரணம் கேட்டாள். சொன்னேன். "யார் வீட்டுப் புள்ளைக்கோ நீங்க விரதம் இருக்கியளாக்கும்" என்றாள். ஆனால் வாங்கிக்கொண்டாள்.

அதே நாளில் அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். முன்பு ஒரு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து ஒருவன் பேசியிருக்கிறான். உங்கள் குழந்தை பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே பணம் அனுப்புங்கள் என்று. பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தமும் கேட்டதாம். இவர் ஆபீசிலிருந்து செருப்பில்லாமல் ஓடியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் குழந்தை உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். "அன்னிலேர்ந்து தெரியாத நம்பரை நான் எடுக்கறதே இல்லைக்கா. போனே பேசிக்கும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் காட்டினார். தெரியாத யாராவது கூப்பிட்டால் போனுக்குள்ளிருந்து ஒரு மிஷின் குரல், யார் பேசுவது, எதற்காக என்று கேட்கும். கூப்பிட்டவர் சொல்வதெல்லாம் எழுத்தாக அவர் கண் முன்னால் வரும். பிடித்திருந்தால் எடுக்கலாம், இல்லையென்றால் தள்ளிவிடலாம். வாசலில் ஒரு கூர்க்காவை நிறுத்திவைத்த மாதிரி. என் நம்பரை என் எதிரிலேயே சேவ் செய்துகொண்டார். நிம்மதியாகத் திரும்பி வந்தேன்.

அப்புறம்தான் கோளாறு ஆரம்பித்தது. ஒரு நாள் மாட்டுங்காவில் பாதி பைகள் இறங்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் வெயிலில் நின்று நின்று, மாவு பாக்கெட்டுக்குள் பொங்கி, வாய் பிதுங்கி, அப்படியே வீட்டுக்கு வந்தது. "ரிங் அடிச்சியா இல்லியா?" என்று அவர் என்னிடம் பாய, "காது கேக்காதவிய மாதிரி நீங்க எங்க போய் நின்னிய?" என்று நான் அவரிடம் பாய, அன்றைக்கு வீட்டில் இட்லிக்குப் பதில் சண்டைதான் வெந்தது.

விளக்கியவர் அந்த ஆஜர்க்காரர்தான். வீட்டுக்கே போய்க் கேட்டேன். தன் போனைத் திருப்பிக் காட்டினார். என் நம்பர் சிவப்பாக நின்றது. பக்கத்தில் எழுதியிருந்ததை ஸ்பேம் என்று படித்துக்காட்டினார்.

"அப்படின்னா என்ன சாமி?"

"கடன் வேணுமா, கார்டு வேணுமான்னு தொல்லை பண்றவான்னு அர்த்தம். உங்க நம்பரை சேவ் பண்ணாதவா போன்ல அடிக்கவே அடிக்காது. நீங்க காலங்கார்த்தால இத்தனை பேருக்கு வரிசையா அடிச்சு, எடுக்கறதுக்குள்ள கட் பண்றேள். திருட்டுப் பசங்களும் அப்படித்தான் பண்றா. மெஷினுக்கு மாவு தெரியுமா, மோசடி தெரியுமா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "ஏம்மா, என் நம்பரையே போன மாசம் என் பொண்ணு பிளாக் பண்ணிட்டா. தெனமும் குட்மார்னிங் அனுப்பறேனாம். அதுக்கு நான் அழுதேனா?" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன். அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தார்.

விஷயம் எங்கள் சந்து முழுக்கப் பரவிவிட்டது. மைனி வாசலில் நின்று, "என்ன மைனி, லோன் குடுக்கியளாமே! எனக்கும் ஒரு பிரிட்ஜுக்குப் போட்டுக் குடுங்க" என்றாள். சிரித்து வைத்தேன். ஆனால் சாயந்திரப் பேச்சுகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தது வலித்தது. மாவு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. என் போன் வந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை.

புது சிம் வாங்கினோம். பழையதை ரீசார்ஜ் செய்யாமல் விட்டோம், அது செத்துப்போனது. இங்கேதான் நாங்கள் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். புது நம்பரை எல்லோருக்கும் எப்படித் தெரிவிப்பது? வேறு எப்படி, வழக்கமான நேரத்துக்கு வழக்கம்போல ஒரு ரிங் கொடுத்தேன். இந்த நேரத்துக்கு வேறு யார் அடிக்கப் போகிறார்கள், தானாகப் புரிந்துகொள்வார்கள் என்று இரண்டு பேரும் ஒரே மனதாக நம்பினோம். சண்டை போடாமல் நாங்கள் சேர்ந்து எடுத்த முடிவுகளில் அது ஒன்று. ஒரே வாரத்தில் புது நம்பரும் சிவந்துவிட்டது.

செம்பூர் அம்மாவுக்கு அடித்தபோது அந்த மிஷின் எடுத்தது. இங்கிலீஷில் ஒரு ஆண்குரல், நல்ல மரியாதையாக, யார், என்ன விஷயம் என்று கேட்டது.  "நான்தான்" என்றேன். அது பேசாமல் இருந்தது. "அட, நான்தாங்கேன்" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் போனில் பேரைச் சொல்லிப் பேசுகிற பழக்கமே கிடையாது. குரலைக் கேட்டால் தெரியாதா, பேர் எதற்கு? அந்த அம்மாவும் நானும் அதன்பின் வாட்ச்மேன் வழியாகவே நடத்திக்கொண்டோம். மாவை அவனிடம் வைத்துவிட்டு வருவார் என் வீட்டுக்காரர். பொடி தீர்ந்தால் அந்த அம்மா ஸ்டீல் டப்பாவை அவனிடம் கொடுத்துவிடுவார். வேலை நடந்தது. நம்பரைச் சொல்லி அனுப்பவேண்டும் என்பது இரண்டு பக்கமும் நாளைக்கு, நாளைக்கு என்று போனது.

அன்றைக்கு வியாழக்கிழமை. வியாழக்கிழமை என்றால் அந்தக் குழந்தைக்குப் பள்ளிக்கூட டப்பாவில் பொடி இட்லி. அது அவள் அம்மாவோடு போட்டிருந்த ஒப்பந்தம். புதுப் பொடி விடிந்ததும் செம்பூர் போய்விட்டது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருமுனை நாக்காவில் அரவை மில் வைத்திருக்கும் பாய், ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர், மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றார். மாவு படிந்த முகம், வேர்த்துக் கோடு கோடாக இருந்தது.

"தங்கச்சி, அந்தச் செம்பூர்ப் புள்ளைக்கிப் பொடி போயிருச்சா?"

"போயிட்டே பாய். என்ன?"

"அல்லா! நேத்து நான் இல்ல தங்கச்சி, மச்சினன்தேன் மில்லப் பாத்துக்கிட்டான். ஒங்க பொடிக்கி முன்னால சிக்கிக்காரருக்குக் கடலை அரைச்சிருக்கான். அரிசி ஓட்டலையாம். இப்பத்தேன் சொல்றான்."

என்னுடைய பொடியை அரைக்கும் முன் பாய் எப்போதும் இரண்டு பிடி பச்சரிசியைப் போட்டு மிஷினை ஓட்டிக் கழுவிவிடுவார். அந்தக் குழந்தைக்காக நான் கேட்டுக்கொண்டது; ஒரு தடவைகூடத் தவறியதில்லை. மச்சினனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. பாய் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் மில்லைத் திறந்துபோட்டுவிட்டு ஓடிவந்திருந்தார்.

கை ஈரத்தோடேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் அப்போது செம்பூரைத் தாண்டியிருக்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். வீடு பூட்டியிருந்தது. குழந்தை பஸ்ஸில் போய்விட்டாள், எந்தப் பள்ளிக்கூடம் என்று வாட்ச்மேனுக்குத் தெரியவில்லை. "மஞ்ச பஸ்ஸுங்கான். பம்பாயில எது மஞ்ச பஸ் இல்ல?" என்றார்.  பிள்ளைகள் டப்பாவைத் திறக்கிற சின்ன இடைவேளை வர அதிக நேரம் இல்லை. வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். தெரியாத நம்பரின் செய்தியை அந்த அம்மா திறக்கமாட்டார், அதுவும் தெரியும். இருந்தது அந்த மிஷின் ஒன்றுதான்.

அடித்தேன். அதே குரல், அதே மரியாதை. அதற்குத் தமிழ் புரியாதே என்று, எனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில், உங்கள் குழந்தைக்கு ஆபத்து, சீக்கிரம் போனை எடுங்கள் என்று கத்தினேன். கட் ஆனது. மறுபடி அடித்தேன். "மேடம், உங்க குழந்தை, ஸ்கூல்ல, அர்ஜென்ட்" என்றேன். இந்தத் தடவை நான் பேசி முடிக்கும் முன்பே கட்டானது.

"எடுக்க மாட்டேங்காவ பாய்!" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பாய் வாசல்படியில் குந்தியிருந்தார். "என்ன சொன்னீய?" என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. உங்கள் குழந்தை, பள்ளிக்கூடம், ஆபத்து, உடனே. அந்தத் திருடன் அவரிடம் சொன்ன வார்த்தைகள் அத்தனையும் அதே வரிசையில் என் வாயிலிருந்தும் வந்திருந்தன. நம்பரோ சிவப்பு. நானாக இருந்தாலும் தள்ளித்தான் விட்டிருப்பேன்.

ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். நான்தான் என்று அந்த அம்மாவுக்கு எப்படிக் காட்டுவது? பேரைச் சொன்னால் தெரியாது, என் பேரை அவர் கேட்டதே இல்லை, அக்காதான். குரல் எழுத்தாகத்தான் போகும். அப்போது அடுப்புமேடையில் அந்த எலுமிச்சம்பழங்கள் கண்ணில் பட்டன. டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அந்த அம்மாவுக்குக் கிடையாது. ஒரு தரம் கொஞ்சம் சர்க்கரை இருக்கும், ஒரு தரம் நாலு கறிவேப்பிலை இணுக்கு. இந்தத் தடவை பால்கனித் தொட்டியில் காய்த்தது என்று இரண்டு சின்ன எலுமிச்சம்பழம் போட்டு அனுப்பியிருந்தார்.

மூன்றாம் தடவை அடித்தேன். குரல் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்தேன். அதன்பின் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, இந்தியில் சொன்னேன். "நான் தாராவி இட்லி மாவு. நீங்கள் ஸ்டீல் டப்பாவில் இரண்டு எலுமிச்சம்பழம் போட்டு அனுப்பினீர்கள், உங்கள் தொட்டியில் காய்த்தது. இன்றைக்கு வந்த பொடியில் கடலை கலந்துவிட்டது. மூங்ஃபலி ஹை. பச்சி கோ மத் தோ, குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். எனக்குப் பணம் வேண்டாம். என்னிடம் பேசவும் வேண்டாம். ஸ்கூலுக்குப் பேசுங்கள்."

 பிறகு இதுவும் கட்டானது.

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். "சொல்லிட்டீய. வார்த்தை போயிருக்கும்" என்றார். எனக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா தெரியவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஓதிக்கொண்டிருந்தார். நானும் எங்கள் ஊர் அம்மனை நினைத்துக்கொண்டேன். மைனி வந்து எட்டிப்பார்த்து, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, கேலியாக ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய் ஸ்டவ்வை மூட்டிச் சாயா போட்டாள், என் வீட்டு அடுப்பில், என் பால், என் சர்க்கரை. ஆறிப்போகும்வரை யாரும் குடிக்கவில்லை.

போன் அடித்தது. அந்த அம்மாவின் நம்பர்.

"அக்கா." அதற்குமேல் வரவில்லை. அழுகை. 

"அம்மா, புள்ள எப்படி இருக்கா? அத மட்டும் சொல்லுங்க."

"நன்னா இருக்காக்கா. டப்பாவை இன்னும் தெறக்கவே இல்லை. டீச்சர் வாங்கி எடுத்து வச்சுட்டா. நான் இப்பதான் அவகிட்ட பேசினேன்."

பாய்க்குக் கையைக் காட்டினேன். அவர் முகத்தைத் தோளில் கிடந்த துண்டால் மூடிக்கொண்டார்.

"ரெண்டு தடவையும் நான்தாக்கா தள்ளிவிட்டேன். அந்தப் படுபாவிதான் திரும்ப வந்துட்டான்னு நெனச்சேன்.  அப்பறம் எலுமிச்சம்பழம்னு வந்தது. அதை எவன் அறிவான்? என்னிடம் பேச வேண்டாம், ஸ்கூலுக்குப் பேசுன்னு எந்தத் திருடன் சொல்வான்?"

"மன்னிச்சிருங்கம்மா" என்றேன்.

"நீங்க எதுக்கு? நீங்க சொல்லாம இருந்திருந்தா?"

"நான் சொல்லலம்மா. மில்லுக்கார பாய்தான் ஓடிவந்து சொன்னாவ. இங்கதான் இருக்காவ."

"போனைக் குடுங்கோ அவர்கிட்ட."

பாய் போனை இரண்டு கையாலும் வாங்கி, "இல்லம்மா... ஆமாம்மா... எங்க வீட்டுலயும் புள்ளைக இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுந்து மில்லுக்குப் போனார். வழியில் தேடிப்போய் மச்சினனைத் திட்டினார் என்றும், திட்டி முடித்து அவனுக்குப் புரோட்டா வாங்கிக்கொடுத்தார் என்றும் மைனி பிறகு வந்து சொன்னாள்.

நான் யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பாய்க்கு. முகம் பார்த்திராத அந்த டீச்சருக்கு. அந்த மிஷினையும் என்னால் விட்டுவிட முடியவில்லை. நம்பர் சிவந்த நாளிலிருந்து அதை நான் வையாத வசவில்லை. ஆனால் ஓட்டை இந்தியில் ஒரு தாராவிக்காரி சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல் எழுதி, ஒரு தாயின் கண் முன்னால் வைத்ததும் அதுதான். கதவைச் சாத்திவைத்தவரையும் நான் குறை சொல்லமாட்டேன். சாத்தவைத்தவன் வேறு ஒருவன். அவன் அடித்த அடியில்தான் என்னைப் போன்றவர்கள் எல்லாம் வெளியே நிற்கிறோம்.

அந்த வாரமே ஆஜர்க்காரர் உட்கார்ந்து எங்களுக்கு ஒரு சீட்டு எழுதி, ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார். எங்கள் நம்பர், தயவுசெய்து சேவ் செய்துகொள்ளுங்கள் என்று தமிழிலும் இந்தியிலும். ஒவ்வொரு மாவுப் பாக்கெட்டோடும் போனது. ரிங் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். இப்போது வாட்ஸப் குரூப் ஒன்று இருக்கிறது. சாயந்திரம் மட்டும் முன்போலவே கூப்பிட்டுப் பேசுகிறேன். எடுக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எடுக்கிறவர்கள் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறார்கள்.

செம்பூருக்கு நான் அடுத்த திங்கட்கிழமைதான் தைரியமாகக் கூப்பிட்டேன். இனி மாவு வாங்குவாரா என்ற பயம் எனக்கு. முழு ரிங் போனது. மிஷின் வரவில்லை. எடுத்தது குழந்தை.

"அம்மா குளிக்கறா. நீங்க கூப்பிட்டா சொல்லச் சொன்னா. பொடி இனிமே வேண்டாமாம். மாவு மட்டும் ஒரு பாக்கெட்."

சரியான முடிவு. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மாவாவது என்னிடம் வாங்குகிறாரே என்று மனசு குளிர்ந்தது.

"சரி தாயி. அன்னைக்கு ஒன் டப்பாவ டீச்சர் வாங்கி வச்சிட்டாவளே, பசிச்சிதா?"

"இல்லையே. டீச்சர் தன்னோட டப்பாலேர்ந்து எனக்குப் பாதி குடுத்தா. போஹா, அவல்ல பண்றது. மேல தேங்கா போட்டிருந்தா. உங்க இட்லியை விட நன்னா இருந்தது."

பின்னாலிருந்து ஈரத் தலையோடு அம்மா ஓடிவருகிற சத்தமும், "ஏய், அப்படியெல்லாம் சொல்லக்கூடாது!" என்ற அதட்டலும் கேட்டன. தன் சரக்கைவிட இன்னொருத்தி சரக்கு நன்றாக இருந்தது என்று கேட்டால் தொழில்காரிக்கு எரிய வேண்டும். எனக்கு எரியவில்லை. "அப்படியா தாயி? இன்னும் என்னல்லாம் போட்டிருந்தாவ, சொல்லு" என்று கேட்டுக்கொண்டு, கிரைண்டரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன்.